தாதியர் தலைவி: பொறுப்பும் அதிகாரமும்

சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் வாழ்கின்ற நம் போன்றோருக்கு, உடல்நலம் குன்றிய நாட்களில்தான் அயலூர் என்பதன் பொருள் முழுமையாக விளங்குகிறது. டில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ ஓர் அரசாங்க மருத்துவமனையில் நம் வீட்டார் ஒருவரைச் சேர்த்துவிட்டு நாம் நிற்கிறோம். பெரிய டாக்டர் காலையில் வந்து பார்த்துச் செல்கிறார். எஞ்சிய நேரத்தில் நோயாளியின் அருகில் இருப்பவர் வேறொருவர். நாடித்துடிப்பை எண்ணிக் குறிப்பவரும், மருந்தை வேளை தவறாமல் கொடுப்பவரும், நள்ளிரவில் மூச்சின் போக்கு மாறினால் முதலில் கவனிப்பவரும் அவரே. இந்தி ஒரு சொல்லும் அறியாத நம் தாய்மார்களும் அவரை ‘சிஸ்டர்’ என்றே அழைத்து, அந்த ஒரு சொல்லைக் கொண்டே தம் துன்பத்தைத் தெரிவித்துவிடுகின்றனர். அவருக்கு மேலே, வார்டு முழுவதற்கும் பொறுப்பான மூத்த சிஸ்டர் ஒருவர் இருக்கிறார். அவர்கள் அனைவருக்கும் மேலே, முன்னாளில் மேட்ரன் என்றும் இந்நாளில் நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட் என்றும் வழங்கப்பெறும் தலைவி ஒருவர் இருக்கிறார்.

மருத்துவமனைகளின் வரலாற்றை எழுதுவோர், அடிக்கல் நாட்டிய கவர்னரின் பெயரையும், நன்கொடை அளித்த செல்வரின் பெயரையும், புகழ்பெற்ற அறுவை மருத்துவரின் பெயரையும் மறவாமல் குறிப்பர். தாதியர் தலைவியின் பெயர் அவ்வரலாறுகளில் அருகியே காணப்படும். இந்தப் பதவி நம் நாட்டில் எவ்வாறு தோன்றியது, அதற்கு எவ்வளவு பொறுப்பு அளிக்கப்பட்டது, எவ்வளவு அதிகாரம் அளிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். முடிவை முன்னதாகவே கூறிவிடலாம். பொறுப்பு முழுவதும் முதல் நாளிலேயே அவர்மீது ஏற்றப்பட்டது. அதிகாரமோ, தவணை முறையில் கடன் தீர்ப்பவனைப் போல, சிறிது சிறிதாகவே தரப்பட்டது. இன்னும் பாக்கி இருக்கிறது.

முதலில் சொல்லைக் கவனிப்போம். மொழிபெயர்ப்பையே தொழிலாக உடைய நமக்குச் சொற்களின் தகுதியை நிறுத்துப் பார்ப்பது பழக்கமாகிவிட்ட ஒன்று. ‘நர்ஸ்’ என்பதற்குப் பல ஆண்டுகள் ‘தாதி’ என்ற சொல்லே வழங்கிவந்தது. குழந்தையைப் பாலூட்டி வளர்ப்பவள் என்பது அதன் பழம்பொருள். பணிப்பெண் என்ற பொருளும் அதனுடன் சேர்ந்துகொண்டது. இன்று நிலைபெற்றுவிட்ட சொல் ‘செவிலியர்’ என்பது. இதன் பின்னே நம் இலக்கியம் முழுவதும் நிற்கிறது. சங்க இலக்கியத்தின் செவிலித்தாய் வெறும் ஏவலாள் அல்லள். அகப்பொருள் இலக்கணத்தில் ‘அறத்தொடு நிற்றல்’ என்றொரு துறை உண்டு. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்கு உணர்த்துவாள். செவிலி நற்றாய்க்கு உணர்த்துவாள். நற்றாய் தந்தைக்கும் தமையன்மாருக்கும் உணர்த்துவாள். அருகிலிருந்து அறிந்தவளின் சொல், படிப்படியாக ஏறி, முடிவு செய்வோரின் செவியை எட்டவேண்டும். இடையில் ஒரு படி அறுந்தால் தலைவியின் உயிருக்கே இடையூறு. மருத்துவமனையிலும் இதே படிவரிசைதான் உள்ளது. அங்கே செவிலியின் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதே நம் வரலாற்றின் நடுநாடி.

இவ்வரலாற்றின் தொடக்கம் சென்னையில் இருக்கிறது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1664-ஆம் ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டையில் தம் போர்வீரர்களுக்காக ஒரு சிறிய மருத்துவமனையை அமைத்தனர். அங்கே நோயாளிகளைப் பேணப் பயிற்சி பெற்ற பெண்கள் இல்லை. பெண்களுக்கென முதலில் எழுந்த தேவை பிரசவத்தைப் பற்றியதாகவே இருந்தது. 1797-இல் டாக்டர் ஜான் அண்டர்வுட் என்பவரின் முயற்சியாலும் பொதுமக்களின் நன்கொடையாலும் சென்னையில் ஏழைப் பெண்களுக்காக ஒரு பிரசவ விடுதி ஏற்பட்டது. 1844-இல் அரசாங்கப் பிரசவ மருத்துவமனை தொடங்கப்பெற்றது. பிற்காலத்தில் எழும்பூருக்கு மாறி, இன்றும் எழும்பூர் ஆஸ்பத்திரி என்று நம்மவர் அழைக்கும் அந்த நிலையத்தின் பழமை அதுவே.

1854-இல் சென்னையில் மருத்துவச்சியருக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றுக்கு அரசாங்கம் ஒப்புதல் அளித்தது. இந்தப் பள்ளியைப் பற்றித் தாதியர் கல்வி வரலாற்று நூல்கள் ஒரு சுவையான செய்தியைச் சொல்லுகின்றன. தேர்வில் வெற்றி பெற்ற மாணவிக்கு மருத்துவச்சிக்குரிய பட்டயம் கொடுக்கப்பட்டது. தேறாத மாணவிக்கு நோயாளரைப் பேணும் தாதிக்குரிய சான்றிதழ் கொடுக்கப்பட்டது! அதாவது, மருத்துவச்சி ஆவதற்குக் கல்வி வேண்டும். தாதியாவதற்குத் தோல்வியே போதும் என்று அக்காலத்தார் எண்ணினர். பிரசவம் பார்ப்பது ஒரு கலை, நோயாளியைக் கவனிப்பது வீட்டு வேலையின் நீட்சி என்பது அவர்கள் கருத்து. இந்த வரிசை பின்னர் முற்றிலும் தலைகீழாக மாறியதை மேலே காண்போம்.

மருத்துவச்சிப் பயிற்சி பெண்களுக்கு வேறொரு கதவையும் திறந்துவிட்டது. மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி இந்தப் பிரசவ மருத்துவமனையில்தான் முதலில் மருத்துவச்சியாகப் பயிற்சி பெற்றார். அங்கே அவர் கண்ட துன்பங்களே அவரை மேலும் படிக்கத் தூண்டின. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் நான்கு பெண்களில் அவரும் ஒருவர். கோஷா முறையில் வாழ்ந்த பெண்களுக்காக 1885-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற மருத்துவமனை அவருடைய முயற்சியின் விளைவே. திருவல்லிக்கேணிக் கோஷா ஆஸ்பத்திரி என்று முதியோர் இன்றும் குறிப்பிடுவது அதனையே.

சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் 1871-இல் தொடங்கிய பயிற்சியில் மாணவியர் நால்வரே சேர்ந்தனர். டில்லியில் செயிண்ட் ஸ்டீபன்ஸ் மருத்துவமனையும் இந்தியப் பெண்களுக்குத் தாதிப் பயிற்சி அளித்தது. பம்பாயில் 1891-இல் பயிற்சிக்கு வந்த பாய் காசிபாய் கண்பத் என்னும் மராட்டியப் பெண்ணை, அங்கே பயிற்சிக்கு முன்வந்த முதல் இந்தியத் தாதி என்று வரலாற்று நூல்கள் குறிக்கின்றன. பிற சாதியாரின் உடலைத் தொடுவதும், இரவில் வீட்டுக்கு வெளியே தங்குவதும் குடும்பப் பெண்களுக்கு ஆகாத செயல்களாகக் கருதப்பட்ட அந்நாளில், அவ்வாறு ஒரு பெண் முன்வருவதற்கு எத்தகைய மன உறுதி வேண்டியிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

இனி, தலைமைப் பதவி எவ்வாறு வந்தது என்பதைப் பார்ப்போம். இந்தியாவில் காலடி வையாமலே இந்நாட்டின் சுகாதாரத்தைப் பற்றிப் பல ஆண்டுகள் எழுதிவந்தவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். இந்தியப் படைகளின் சுகாதார நிலையை ஆராய 1859-இல் ஏற்பட்ட ராயல் கமிஷனின் பணியில் அவருடைய உழைப்பு பெரிது. அக்கமிஷனின் அறிக்கை 1863-இல் வெளிவந்தது. 1865-இல் அவர் இந்திய மருத்துவமனைகளில் தாதியர் முறையை அமைப்பதற்கான யோசனைகளை எழுதி அனுப்பினார். பெருஞ்செலவாகும் என்று கருதப்பட்டதால் அவை அப்போது நிறைவேறவில்லை. ஆயினும் அவர் வகுத்த கொள்கை ஒன்று உலகெங்கும் பரவியது. தாதியரின் பயிற்சி, பணிப் பங்கீடு, ஒழுங்கு ஆகியவை அனைத்தும், தாமே பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் தலைமையில் இருக்கவேண்டும். அத்தலைவி மருத்துவமனை நிர்வாகத்துக்கு நேராகப் பதில் சொல்பவராக இருக்கவேண்டும் என்பதே அது. நோய்க்குரிய சிகிச்சையை வகுப்பவர் டாக்டர். அச்சிகிச்சை நோயாளியைச் சென்றடையுமாறு செய்பவர் தாதி. முன்னவருக்குப் பின்னவர் கீழ்ப்படிவது சிகிச்சையைப் பொறுத்த மட்டில்தான்; தாதியரின் நிர்வாகம் தாதியருடையதே என்று அவர் வற்புறுத்தினார்.

அக்கொள்கை இந்தியாவில் முதலில் காலூன்றிய இடம் ராணுவ மருத்துவமனை. 1888-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பயிற்சி பெற்ற ஆங்கிலத் தாதியர் பதின்மர் பம்பாய்த் துறைமுகத்தில் வந்து இறங்கினர். காதரின் கிரேஸ் லாக் என்னும் அம்மையார் அவர்களுள் ஒரு குழுவுக்குத் தலைவியாக ராவல்பிண்டிக்குச் சென்றார். அவருக்குக் கொடுக்கப்பட்ட பதவியின் பெயர் ‘லேடி சூப்பரிண்டெண்டென்ட்’. அதுவரை ஆண் ஏவலாளர்களே நோயாளரைக் கவனித்துவந்த வார்டுகளுக்குள் பெண்கள் புகுந்து ஒழுங்கை நிலைநாட்டவேண்டியிருந்தது. இன்று இந்திய ராணுவத்தில் கௌரவம் மிக்க பிரிவாக விளங்கும் ராணுவத் தாதியர் சேவை தன் தோற்றத்தை அந்த ஆண்டிலிருந்தே கணக்கிடுகிறது.

பொதுமக்களுக்கான மருத்துவமனைகளில் இம்மாறுதல் மெதுவாகவே நிகழ்ந்தது. 1885-இல் ஏற்பட்ட டப்ரின் சீமாட்டி நிதி, இந்தியப் பெண்களுக்கு மருத்துவக் கல்வி, மருத்துவ உதவி, பயிற்சி பெற்ற தாதியரும் மருத்துவச்சியரும் ஆகிய மூன்றையும் அளிப்பதைத் தன் நோக்கமாகக் கொண்டது. அந்நிதியின் உதவியுடன் பல நகரங்களில் பெண்கள் மருத்துவமனைகள் எழுந்தன. அவற்றில் எல்லாம் மேட்ரன் பதவி ஏற்பட்டது. ஆனால் அப்பதவியில் நெடுங்காலம் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே. 1905-இல் லட்சுமணபுரி எனப்படும் லக்னோவில், மருத்துவமனை நிர்வாகப் பதவிகளில் இருந்த ஐரோப்பியத் தாதியர் சிலர் கூடித் தாதியர் தலைவிகளின் சங்கம் ஒன்றை நிறுவினர். 1908-இல் பயிற்சி பெற்ற தாதியர் சங்கம் தோன்றியது. 1910-இல் அவர்களுக்கென ஒரு பத்திரிகையும் வந்தது. 1922-இல் இரு சங்கங்களும் இணைந்தன. தனித்தனி ஊர்களில் தனித்தனியே போராடிக்கொண்டிருந்த மேட்ரன்மார்களுக்கு ஒரு பொது மேடை கிடைத்தது.

அடுத்த படி சட்டம். யார் தாதி, யார் மருத்துவச்சி என்பதை வரையறுக்கப் பதிவேடு இல்லாத வரையில், பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வேறுபாடு காட்ட வழியில்லை. இதிலும் சென்னை முன்நின்றது. 1926-ஆம் ஆண்டுச் சென்னைத் தாதியர், மருத்துவச்சியர் சட்டம் அவர்களுக்கெனப் பதிவேட்டையும் அதனைக் காக்கும் கவுன்சிலையும் ஏற்படுத்தியது. பின்னர்ப் பிற மாகாணங்களும் தத்தம் சட்டங்களை இயற்றின. எனினும் ஒவ்வொரு மாகாணத்திலும் பயிற்சியின் அளவு வேறு, தேர்வின் தரம் வேறு. தொழில் ஒன்றாயினும், எல்லையைத் தாண்டினால் தகுதி அப்படியே செல்லும் என்ற உறுதி இல்லை.

சுதந்திரத்துக்குச் சற்று முன்பு நாட்டின் உண்மை நிலையை எண்களால் எடுத்துக் காட்டியது சர் ஜோசப் போர் தலைமையில் 1943-இல் அமைந்த குழு. அதன் அறிக்கை 1946-இல் வெளிவந்தது. அன்றைய பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் இருந்த தாதியர் சுமார் 7,000 பேர். அதாவது 43,000 மக்களுக்கு ஒருவர். மருத்துவச்சியர் சுமார் 5,000 பேர்; 60,000 மக்களுக்கு ஒருவர். டாக்டர்களோ 47,500 பேர். ஒரு டாக்டருக்குப் பல தாதியர் இருக்கவேண்டிய இடத்தில், ஒரு தாதிக்குக் கிட்டத்தட்ட ஏழு டாக்டர்கள் இருந்தனர்! உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு இருபது தாய்மார்கள் வீதம் பிரசவத்தை ஒட்டி இறந்தனர் என்றும், அவ்வாறு ஆண்டுதோறும் மாண்டவர்கள் சுமார் இரண்டு லட்சம் என்றும் அக்குழு மதிப்பிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு பாட்டியின் கதை, ஓர் அத்தையின் கதை சொல்லப்படுவதை நாம் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அந்தக் கதைகளின் கூட்டுத்தொகையே அவ்வெண்.

அதே 1946-இல் இரண்டு முக்கியமான நிகழ்ச்சிகள் நடந்தன. டில்லியில் தாதியர் கல்லூரி தொடங்கியது. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் தாதியருக்கான பட்டப்படிப்பு ஏற்பட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் காலத்தில் 1909 முதலே தாதியர் பள்ளி நடந்துவந்தது. இப்போது அது பல்கலைக்கழகப் படிப்பாக உயர்ந்தது. 1854-இல் தேறாதவருக்குத் தரப்பட்ட சான்றிதழ், தொண்ணூற்றிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பல்கலைக்கழகப் பட்டமாயிற்று! 1959-இல் டில்லிக் கல்லூரியில் முதுகலைப் படிப்பும் தொடங்கியது. மத்திய அரசாங்கத்தின் முதல் சுகாதார அமைச்சரான ராஜகுமாரி அம்ரித் கௌர் தாதியர் கல்வியில் ஆழ்ந்த அக்கறை காட்டியவர். டில்லிக் கல்லூரி இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

1947-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியத் தாதியர் கவுன்சில் சட்டம் நிறைவேறியது. கவுன்சில் 1949-இல் அமைந்தது. பிற மாநிலங்களில் வாழும் நாம் இச்சட்டத்தை நன்றியுடன் நினைக்கவேண்டும். கவுன்சில் ஏற்றுக்கொண்ட தகுதியைப் பெற்றவர் எந்த மாநிலத்தின் பதிவேட்டிலும் இடம்பெற உரியவர் என்பது அதன் உயிரான விதி. சென்னையிலோ மதுரையிலோ பயின்ற ஒரு பெண் டில்லியிலோ நாக்பூரிலோ பணியாற்றுகிறாள் என்றால், கணவரின் மாற்றலால் ஊர் மாறிய தாதி மீண்டும் பயிற்சிக்குச் செல்லாமல் வேலையில் சேர்கிறாள் என்றால், அதற்கு அடிப்படை இந்த விதியே.

இதே காலத்தில் மத்திய அரசாங்கத்தின் சுகாதார இயக்குநரகத்தில் தாதியர் துறைக்கென உயர்பதவி ஒன்று நிலைபெற்றது. டி. கே. அட்ரன்வாலா என்னும் பார்சிப் பெண்மணி சுதந்திரத்துக்குப் பிந்திய ஆண்டுகளில் அப்பதவியில் இருந்து, நாடெங்கும் தாதியர் கல்வியும் பணிமுறையும் ஒரு சீராக அமைவதற்கு உழைத்தார். அப்பதவியின் பெயரை நாம் கவனிக்கவேண்டும். ‘நர்சிங் அட்வைசர்’, அதாவது தாதியர் ஆலோசகர் என்பது அது. அரசாங்கக் கோப்புகளின் மொழியை அறிந்தவர்களுக்கு இதன் நுட்பம் புரியும். இயக்குநர் ஆணையிடுவார்; ஆலோசகர் ஆலோசனை கூறுவார். ஆலோசனை ஏற்கப்படலாம்; கோப்பிலேயே உறங்கவும் செய்யலாம். நாடு முழுவதிலும் உள்ள தாதியரின் குறைகளைக் கேட்கும் பொறுப்பு அவருடையது. அவற்றைத் தீர்க்கும் கையெழுத்து மற்றொருவருடையது.

மருத்துவமனைக்குள்ளும் நிலைமை ஏறக்குறைய அதுவே. நர்சிங் சூப்பரிண்டெண்டென்ட் ஒருவரின் ஒரு நாளைச் சிறிது நினைத்துப் பார்ப்போம். மூன்று முறைப்பணிகளுக்கும் ஆட்களைப் பங்கிட்டு டூட்டி லிஸ்ட் எழுதவேண்டும். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்குப் பிரசவ விடுமுறை என்றால் அந்த இடைவெளியை நிரப்பவேண்டும். இரவுப் பணியினர் பகற்பணியினரிடம் நோயாளி நோயாளியாக ஒப்படைத்துச் செல்கிறார்களா என்று பார்க்கவேண்டும். வெளுத்த துணி, கொதிக்கவைத்த கருவி, ஆக்ஸிஜன், ஊசி, பஞ்சு ஆகிய ஒவ்வொன்றுக்கும் இண்டெண்ட் எழுதி ஸ்டோரிலிருந்து வரவழைக்கவேண்டும். மாணவியரின் பயிற்சியையும் கவனிக்கவேண்டும். போதனா மருத்துவமனையில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு தாதியும், மற்றப் பொது மருத்துவமனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு தாதியும் இருக்கவேண்டும் என்பது தாதியர் கவுன்சில் வகுத்த அளவு. அரசாங்க மருத்துவமனையின் பொது வார்டை ஒரு முறை கண்டவர்கள், அந்த அளவு எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை அறிவர். புதிய இடங்களை உருவாக்குவதோ, காலியிடங்களை நிரப்புவதோ சூப்பரிண்டெண்டென்டின் கையில் இல்லை. ஆனால் கட்டிலிலிருந்து ஒரு நோயாளி விழுந்துவிட்டால் முதல் விளக்கம் கேட்கப்படுவது அவரிடமே.

இந்தக் குறை யாருக்கும் தெரியாமல் இல்லை. சென்னை ராஜ்யத்தின் சுகாதார அமைச்சராக இருந்த ஏ. பி. ஷெட்டியின் தலைமையில், தாதியரின் பணி நிலைமையையும் ஊதியத்தையும் ஆராய்ந்த குழு 1954-இல் தன் கருத்துக்களைத் தெரிவித்தது. 1959-இல் அமைந்து 1961-இல் அறிக்கை தந்த குழுவுக்குத் தலைவர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். எழும்பூர் மருத்துவமனையில் பிரசவ மருத்துவராகப் புகழ்பெற்று, பின்னர் இருபத்தேழு ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அவரைவிட, மருத்துவச்சியின் பணியை அறிந்த தலைவர் வேறு யார் கிடைப்பர்? 1987-இல் மத்திய அரசாங்கம் தாதியர் துறைக்கென உயர் அதிகாரக் குழு ஒன்றை அமைத்தது. அதன் அறிக்கை 1989-இல் சமூகத் தொண்டர் சரோஜினி வரதப்பன் அம்மையாரின் தலைமையில் வெளிவந்தது. இவர் சென்னை முதலமைச்சராக இருந்த எம். பக்தவத்சலத்தின் புதல்வி. மாநிலந்தோறும் தாதியர் துறைக்குத் தனி நிர்வாக அமைப்பு வேண்டும், அதன் தலைமையில் தாதியரே இருக்கவேண்டும் என்ற கருத்தை அக்குழு வலியுறுத்தியது. நைட்டிங்கேல் அம்மையார் வகுத்த கொள்கையே நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின்னும் சிபாரிசாக எழுதப்படவேண்டியிருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கிடையில் மருத்துவச்சி என்னவானாள்? 1854-இல் முதலிடம் பெற்றிருந்த அவள், மெல்ல மெல்ல மறைந்துபோனாள். தாதிப் பயிற்சியோடு பிரசவப் பயிற்சியும் சேர்க்கப்பட்டதால், பதிவுபெற்ற தாதி ஒவ்வொருவரும் மருத்துவச்சியும் ஆனார். கிராமங்களுக்கென 1951-இல் பஞ்சாபில் தரன்தாரன் என்னும் ஊரில் துணைத் தாதி-மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கியது. அது நாடெங்கும் பரவியது. 1973-இல் கர்த்தார் சிங் குழு கூறிய யோசனையின்படி அந்தத் துணைத் தாதி பல்நோக்குச் சுகாதார ஊழியராக மாற்றப்பட்டாள். தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, கணக்கேடு ஆகிய எல்லாம் அவள் தலையில் ஏறின. 1977-இல் அவளுடைய பயிற்சிக்காலம் இருபத்துநான்கு மாதத்திலிருந்து பதினெட்டாகக் குறைந்தது. பிரசவப் பயிற்சியும் சுருங்கியது. பிரசவமே முழுத்தொழிலாக உடைய ஒருத்தி அரசாங்கப் பதவிப் பட்டியலில் இல்லாமற்போனாள்.

அதிகாரம் என்பது வெறும் பெருமைக்குரிய பொருள் அன்று என்பதற்குப் பிரசவ அறையே சான்று. குழந்தை பிறந்தபின் தாய்க்கு இரத்தப்பெருக்கு ஏற்பட்டால், அவள் உயிரைக் காக்கும் நேரம் மணிக்கணக்கில் அன்று, நிமிடக்கணக்கில் அளக்கப்படுகிறது. அதை முதலில் காண்பவர் அருகில் நிற்கும் தாதி. உரிய மருந்து அலமாரியில் இருக்கிறது; அதைச் செலுத்தும் கையும் அவருக்கு இருக்கிறது. ஆனால் டாக்டரின் உத்தரவு வந்தபின்புதான் செலுத்தலாம் என்று இருந்தால், பயிற்சியால் என்ன பயன்? 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மத்திய அரசாங்கம், சிறப்புப் பயிற்சி பெற்ற தாதியரும் துணைத் தாதி-மருத்துவச்சியரும் இத்தகைய அவசர வேளைகளில் சில உயிர்காக்கும் மருந்துகளைத் தாமே கொடுக்கலாம் என்று அனுமதித்தது. ஒரு சிறு ஆணைதான். ஆயினும் அருகிலிருந்து கண்டவளின் சொல்லுக்கு மட்டுமின்றி, அவள் செயலுக்கும் இடம் தந்த ஆணை அது.

போர் குழு ஒரு லட்சத்துக்கு 2,000 என்ற அளவில் மதிப்பிட்ட பிரசவ மரணம், 2018 முதல் 2020 வரையிலான கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கு 97 என்று குறைந்திருந்தது. சாலையும், மருந்தும், இரத்த வங்கியும், பெண்கல்வியும் இதில் பங்கு பெறுகின்றன. தாதியர் மட்டுமே சாதித்தது என்று கூறுவது மிகையாகும். எனினும் மருத்துவமனையில் பிரசவம் என்ற வழக்கம் பரவியபோது, அங்கே வந்த தாயை இரவும் பகலும் ஏற்றுக்கொண்ட கைகள் பெரும்பாலும் தாதியரின் கைகளே என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள்.

அண்மைக்கால மாறுதல்கள் சிலவற்றையும் சொல்லவேண்டும். 2016-இல் மத்திய அரசாங்க மருத்துவமனைகளில் ‘ஸ்டாப் நர்ஸ்’ என்ற பதவிப்பெயர் ‘நர்சிங் ஆபீசர்’ என்று மாற்றப்பட்டது. பெயர் மாறினால் நிலை மாறிவிடுமா என்று கேட்கலாம். மாறிவிடாது, ஆனால் பெயரே இல்லாமல் நிலை மாறியதாக வரலாறும் இல்லை. 2018-இல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட நெறிமுறைகள், பிரசவப் பணிக்கெனத் தனித்தேர்ச்சி பெற்ற தாதியரை உருவாக்க வழிசெய்தன. இயல்பான பிரசவத்தைத் தம் பொறுப்பிலேயே நடத்தும் தகுதியுடையவர்களாக அவர்களை ஆக்குவது நோக்கம். 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை ஏற்பதற்கென 2023-இல் பாராளுமன்றம் இயற்றிய தேசியச் சட்டத்தின் பெயரிலேயே தாதிப் பணியும் பிரசவப் பணியும் இரண்டாக, அருகருகே நிற்கின்றன. நூற்றெழுபது ஆண்டுகளுக்குமுன் சென்னைப் பள்ளியில் வெற்றிக்கு ஒன்று, தோல்விக்கு ஒன்று எனப் பிரித்துக் கொடுக்கப்பட்ட இரு தொழில்களும், இப்போது சம வரிசையில் அமர்த்தப்பட்டிருக்கின்றன.

தலைமைப் பதவியின் பாக்கி மட்டும் எஞ்சி நிற்கிறது. மருத்துவமனையின் வரவுசெலவுத் திட்டம் வகுக்கப்படும் அறையில் தாதியர் தலைவிக்கு நாற்காலி உண்டா? ஒரு வார்டுக்கு இத்தனை பேர் இல்லாமல் புதிய கட்டில்களைப் போடக்கூடாது என்று அவர் சொன்னால் அச்சொல் நிற்குமா? மாநிலத் தலைமைச் செயலகத்தில் தாதியருக்காகக் கையெழுத்திடும் தாதி ஒருவர் இருக்கிறாரா? இந்தக் கேள்விகளுக்கு இடத்துக்கு இடம் விடை வேறுபடுகிறது. ஆம் என்று விடை வரும் மருத்துவமனையில் நோயாளிக்கு அதன் பயன் கிடைக்கிறது; இல்லை என்று வரும் இடத்தில் அதன் விலையையும் நோயாளியே கொடுக்கிறார்.

இதில் நமக்கும் ஒரு கடமை உண்டு. அயல் மாநிலத்தில் நம் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் இசை விழாவுக்கும் பெரியோர்களைத் தேடி அழைக்கின்றன. அவ்வூர் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள் இரவுப்பணி பார்த்து ஓய்வுபெறும் தமிழ்த் தாதி ஒருவர் இருப்பார். அவருடைய பெயர் நம் அழைப்பிதழ்களில் அருமையாகவே காணப்படுகிறது. மருத்துவமனையில் குறை கண்டால் நாம் தாதியின் மீது சீறுகிறோம். ஆள் பற்றாக்குறையைப் பற்றி மேலதிகாரிக்கு ஒரு கடிதமும் எழுதுவதில்லை. தாதிப் படிப்புக்கு விருப்பம் தெரிவிக்கும் மகளிடம், ‘வேறு ஒன்றும் கிடைக்கவில்லையா?’ என்று கேட்கும் பெற்றோர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 1854-ஆம் ஆண்டின் தோல்விச் சான்றிதழ் அரசாங்கப் பதிவேடுகளிலிருந்து எப்போதோ நீங்கிவிட்டது. நம் வீட்டுப் பேச்சிலிருந்தும் அது நீங்குமானால், அடுத்த தலைமுறைத் தாதியர் தலைவிகளுக்குச் சேரவேண்டிய பாக்கியில் நம் பங்கை நாம் செலுத்தியவர்கள் ஆவோம்.